ஐந்து நாள் இமயம்: பத்ரிநாத்தா, துங்கநாத்தா, குமாவுனா?

"அஞ்சு நாள்தான் லீவு. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போகணும். கோயிலும் பார்க்கணும், பனிமலையும் பார்க்கணும். எங்கே போகலாம்?" வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். பாதிப் பேர் கையில் ஒரு பட்டியலும் இருக்கும்: பத்ரிநாத், கேதார்நாத், ஆலி, சோப்தா, நைனிடால், முடிந்தால் ரிஷிகேஷில் கங்கை ஆரத்தி. வரைபடத்தில் எல்லாம் ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அங்கே 50 கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் ஆகும். அந்தப் பட்டியலை நிம்மதியாக முடிக்கப் பன்னிரண்டு நாள் வேண்டும்.

அதனால் உத்தராகண்டுக்குள் மட்டும் (மேற்குப் பாதி கார்வால், கிழக்குப் பாதி குமாவுன்), ஐந்து நாளில் மூச்சு வாங்காமல் முடியக்கூடிய மூன்று வழிகளை எடுத்துக்கொள்கிறேன். ரிஷிகேஷிலோ, குமாவுனுக்கு ரயிலில் போய் இறங்கும் காத்கோதாமிலோ காலையில் வண்டி ஏறுவதிலிருந்து ஐந்து நாள் என்று கணக்கு. ஊரிலிருந்து டில்லி வழியாக அங்கே போய்ச் சேரவும் திரும்பவும் ஆகும் நேரம் தனி. விமானத்தில் போனால்கூடப் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் சாலை. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். மலையில் மணிக்கு 25, மிஞ்சினால் 30 கிலோமீட்டர்தான் போக முடியும். மழைக்காலம் என்றால் மண் சரிந்து வழி அடைபட்டு நிற்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் குழந்தையோ, தொடர்ந்து உட்கார்ந்தால் கால் வீங்கும் பெரியவரோ கூட இருந்தால், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் வைக்காதீர்கள்.

அடுத்தது முழங்காலும் மூச்சும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பத்ரிநாத்தில் கோயில் வரை நடை அதிகமில்லை, ஆனால் ஊரே 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவு அங்கேயே தூங்க வேண்டும். துங்கநாத்தில் ஏற வேண்டும், ஆனால் அன்றைக்கே கீழே இறங்கிவிடலாம். முழங்கால் வலிக்காரருக்கு ஒன்று சரிப்படும், ஆஸ்துமாக்காரருக்கு இன்னொன்று.

மூன்றாவது மலைக் காட்சி. மலைக்குள் போவது வேறு, மலையைப் பார்ப்பது வேறு. பத்ரிநாத்தில் நீங்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை, நடுவே நீலகண்ட சிகரம் மட்டும் எட்டிப் பார்க்கும். சிகரங்கள் வரிசையாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் விலகி ஒரு முகட்டில் ஏறி நிற்க வேண்டும். "பத்ரி போனோம், ஆனா படத்துல வர்ற மாதிரி மலை வரிசை தெரியலையே" என்று வருத்தப்படுபவர்கள் எல்லாம் இந்த வித்தியாசம் தெரியாமல் போனவர்கள்தான்.

நான்காவது கோயில். ஆயுளில் ஒருமுறை சேவிக்க வேண்டும் என்ற வேண்டுதலா, இல்லை பழைய கல் கோயில் ஒன்றில் அமைதியாக உட்கார்ந்திருக்க ஆசையா? வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இதை வாய்விட்டுக் கேளுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகள் விருப்பம் என்று விட்டுவிடுவார்கள்.

## வழி 1: தேவப்பிரயாகை – ஜோஷிமட் – பத்ரிநாத்

வைணவக் குடும்பங்களுக்கு இந்த ஒரே சாலையில் ஆழ்வார்கள் பாடிய தலங்களான திவ்ய தேசங்கள் மூன்று கிடைக்கின்றன. தேவப்பிரயாகை என்பதுதான் பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர். ஜோஷிமட் நரசிம்மர் கோயிலைத் திருப்பிரிதியாகச் சேவிக்கிறார்கள். பத்ரிநாத் திருவதரி. திருமங்கையாழ்வார் வதரிக்குப் பாடியதன் சாரமே, கோல் ஊன்றித் தள்ளாடும் வயது வருவதற்கு முன்னால் போய் வணங்கிவிடுவோம் என்பதுதான். எழுபதைத் தொட்ட அப்பாவை இந்த வருஷம் கூட்டிப் போவதா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வதா என்று யோசிப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் சுமார் 300 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று டாக்ஸிக்காரர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். முதல் நாள் தேவப்பிரயாகையில் இறங்கி ரகுநாதரைச் சேவித்துவிட்டு, இரவு பீபல்கோட்டியிலோ ஜோஷிமட்டிலோ தங்குங்கள். ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். அங்கே ஒரு இரவு தூங்கி எழுந்தால் உடம்பு உயரத்துக்குக் கொஞ்சம் பழகும். மறுநாள் காலை நரசிம்மர். அந்த மூர்த்தியின் ஒரு கை வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வருவதாகவும், அது முறியும் நாளில் நர, நாராயண மலைகள் சேர்ந்து பத்ரிக்கு வழி மூடிவிடும் என்றும், அதன்பின் பவிஷ்ய பத்ரியில், அதாவது வருங்கால பத்ரியில்தான் பெருமாள் சேவை என்றும் அங்கே நம்புகிறார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு விஷ்ணுப்பிரயாகையைத் தாண்டி மேலே ஏறும்போது, பெரியவர்கள் அந்த இரண்டு மலைகளையும் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

மதியம் பத்ரி சேர்ந்ததும் ஓடாதீர்கள். சாப்பிட்டுப் படுங்கள். மாலையில் தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். வெளியே பல் கிட்டுகிற குளிர், குண்டத்திலோ கால் வைத்தவுடன் எடுக்க வைக்கிற சூடு. கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். உள்ளே பத்ரி நாராயணர் பத்மாசனத்தில் அமர்ந்திருப்பார். பூஜை செய்யும் ராவல் கேரளத்து நம்பூதிரி. நம் பக்கத்து மந்திர உச்சரிப்பை அந்த உயரத்தில் கேட்பது ஒரு தனி நிறைவு.

மறுநாள் விடியும்போது கட்டாயம் வெளியே வாருங்கள். 6,596 மீட்டர் நீலகண்டத்தின் உச்சியில் மட்டும் முதல் வெயில் விழும். கீழே ஊர் இன்னும் நீல இருட்டில் இருக்கும். கால் மணி நேரம்கூட நிலைக்காது. பிறகு 3 கிலோமீட்டரில் மானா கிராமம், வியாச குகை, பாறை ஒன்றே பாலமாகக் கிடக்கும் பீம் புல். முன்னோர் கடன் செய்ய வேண்டியவர்களுக்கு அலக்நந்தா கரையில் பிரம்ம கபாலம் இருக்கிறது, அதற்குக் காலை நேரத்தில் இரண்டு மணி ஒதுக்குங்கள்.

கணக்கில் வராத செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். அரசின் தளத்திலேயே செய்துவிடலாம், ஆனால் பதிவில்லாமல் போனால் ஹரித்வாரிலோ ரிஷிகேஷிலோ கவுன்ட்டர் வரிசையில் ஒரு நாள் போய்விடலாம். மே, ஜூனில் அறை வாடகை பல மடங்கு ஏறும். வெந்நீர் வாளிக் கணக்கில் விற்பார்கள். நாங்கள் தங்கிய ஓர் இடத்தில் ஹீட்டர் உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போனது, காலை வரை வரவில்லை. மாமியாருக்கு இரண்டு ரஜாய் மேல் என் ஜாக்கெட்டையும் போர்த்திவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஹீட்டரை நம்புவதில்லை. ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று பெட்டியில் இருக்கும்.

ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கும் பனிச்சறுக்கு ஊரான ஆலியை இதோடு சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஜோஷிமட்டிலிருந்து ஆலிக்குப் போன ரோப்வே, 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் அமிழ்ந்து வீடுகளில் விரிசல் விட்டதற்குப் பிறகு நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சாலை வழியாகப் போகலாம், அரை நாள் ஆகும். நந்தா தேவி தெளிவாகத் தெரியும். பத்ரியில் கிடைக்காத மலைக் காட்சியை ஈடுகட்ட அதுதான் வழி. ஆனால் அந்த அரை நாளை ஐந்தாவது நாளிலிருந்து எடுக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

## வழி 2: கார்த்திக் சுவாமி – ஊகிமட் – துங்கநாத்

மூன்றில் என் மனசுக்கு நெருக்கமான வழி இது. பேருந்து நிறைய யாத்ரீகர்கள் வராத பக்கம், அதனால் தமிழ் டூர் பட்டியல்களில் அதிகம் இருக்காது.

ரிஷிகேஷிலிருந்து ருத்ரப்பிரயாகை 140 கிலோமீட்டர். பத்ரி வண்டிகள் அலக்நந்தாவோடு மேலே போகும், கேதார் வண்டிகள் மந்தாகினியோடு பிரியும். நாம் போக்ரி சாலையில் திரும்பி, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி கனக்சௌரி என்ற சின்னக் கிராமத்தில் முதல் இரவு தங்க வேண்டும். அங்கிருந்து 3 கிலோமீட்டர் நடந்தால் கார்த்திக் சுவாமி கோயில். 3,050 மீட்டர் உயரத்தில், கத்தி முனை மாதிரி ஒரு முகட்டின் நுனியில் இருக்கிறது.

கார்த்திக் சுவாமி நம் முருகன்தான். உலகத்தைச் சுற்றிவரும் போட்டியில் பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுற்றி வென்றுவிட, கோபித்துக்கொண்டு போன பிள்ளையின் கதை நமக்குப் பழனியில் முடிகிறது. இங்கே அதே கோபக்காரப் பிள்ளை இந்த மலைக்கு வந்து, தன் சதையையும் எலும்பையும் பெற்றோருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கோயிலுக்குப் போகும் கடைசிப் படிகளின் இரண்டு பக்கமும் நேர்ந்துகொண்டவர்கள் கட்டிய மணிகள், நூற்றுக்கணக்கில். விரல் அளவு பித்தளை மணியும் உண்டு, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய மணியும் உண்டு. விடிகாலைக் காற்றில் சின்ன மணிகள் மட்டும் தாமாக அசையும். பெரியவை ஆள் தொட்டால்தான். நான் போன அன்று எங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்துப் பெண், முதுகில் குழந்தையோடு ஏறி வந்து, தாவணி முனையில் முடிந்து வைத்திருந்த மணியை அவிழ்த்துக் கட்டிவிட்டு, எதிரே சௌகம்பா சிகரம் முழுசாக வெளிச்சத்தில் நின்றும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குழந்தையின் கையைப் பிடித்து மணியை ஒருமுறை அடிக்க வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நடை காட்டுப் பாதை, ஏற்றம் மிதம். 60 வயதில் தினமும் நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். கடைசிப் படிகள் மட்டும் செங்குத்து.

அடுத்து ஊகிமட். குளிர்காலத்தில் கேதார்நாத்தும் மத்யமகேஷ்வரரும் உற்சவ மூர்த்தியாக இறங்கி வந்து பூஜை பெறும் ஓங்காரேஷ்வர் கோயில் இங்கேதான். கேதார்நாத் போக முடியாத பெரியவர்களுக்கு நவம்பருக்குப் பிறகு இது பெரிய ஆறுதல். அறை, ஏடிஎம், மருந்துக்கடை எல்லாம் ஊகிமட்டோடு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோப்தாவில் கூடாரம், சின்ன லாட்ஜ், சூரிய மின்சாரம், விட்டு விட்டு வரும் சிக்னல், அவ்வளவுதான். ரொக்கம் வேண்டும்.

சோப்தாவிலிருந்து துங்கநாத் 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கல் பாவிய பாதை, ஆனால் விடாத ஏற்றம். இரண்டரையிலிருந்து நாலு மணி நேரம் ஆகும். பஞ்ச கேதாரம் என்னும் ஐந்து சிவத் தலங்களில் சிவனின் கைகள் தோன்றிய இடம் இது. கோயில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். சின்னக் கல் கோயில், சற்றே சாய்ந்திருப்பதாக 2023-ல் தொல்லியல் துறை சொன்னது. போய் நின்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பனியும் நிலநடுக்கமும் அந்தக் கல்லை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் சொச்சம் ஏறினால் சந்திரசிலா. நந்தா தேவி, திரிசூல், சௌகம்பா, கேதார், பந்தர்பூஞ்ச் என்று கிழக்கிலிருந்து மேற்கு வரை வரிசை கட்டி நிற்கும். மலையைப் "பார்க்க" வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு ஐந்து நாளில் போகக்கூடிய இடங்களில் இதற்கு இணை நான் பார்த்ததில்லை.

முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் குதிரை கிடைக்கும். குதிரை என்பார்கள், பெரும்பாலும் கோவேறு கழுதை. கோயில் வரைதான் வரும், சந்திரசிலாவுக்கு நடக்கத்தான் வேண்டும். இறங்கும்போது குதிரை வேண்டாம். முன்பக்கம் சரிந்து கவிழ்ந்துவிடுவோம் என்ற பயத்திலேயே முதுகு பிடித்துக்கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணத்தைவிட வசதியில்தான். நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம். ஊர் செருப்பில் ஏறி, அக்டோபர் கடைசியில் நிழல் பக்கம் உறைந்த பனியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்து உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எலும்பு முறிவுக்கு அங்கே எதுவும் கிடையாது, பல மணி நேரம் கீழே வர வேண்டும். கூடாரத்தில் கழிப்பறை எப்படி என்று முன்கூட்டிக் கேளுங்கள். பெண்கள் இருக்கிற குடும்பம் என்றால் ஊகிமட்டிலோ சாரி கிராமத்திலோ அறை எடுத்துக்கொண்டு, விடிகாலையில் சோப்தா போய்வருவது நிம்மதி. சாரியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் தேவ்ரியா தால் ஏரி. காற்றில்லாத காலையில் சௌகம்பா தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும்.

## வழி 3: ஜாகேஷ்வர் – அல்மோரா – கௌசானி

டில்லியில் இரவு ரயில் ஏறினால் விடிகாலை காத்கோதாம். யாத்திரைப் பதிவு தேவையில்லை. ஐந்து நாளும் 2,500 மீட்டருக்குக் கீழேயே. சின்னக் குழந்தைகளும், இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் இருந்தால் மேலே உள்ள இரண்டையும் படிக்கவே வேண்டாம், நேராக இங்கே வாருங்கள்.

ஜாகேஷ்வரில் தேவதாரு மரங்களுக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சின்னதும் பெரியதுமான கல் கோயில்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. கோபுரத்துக்கும் பிராகாரத்துக்கும் பழகின நமக்கு முதலில் விளையாட்டுக் கோயில்கள் மாதிரித் தோன்றும். ஒரு ஆள் குனிந்து நுழையும் கருவறை, மேலே உயர்ந்து வளைந்த விமானம், அதன் தலையில் மரத்தால் செய்த ஒரு தொப்பி. பெரிய கோயில்கள் இரண்டு, ஜாகேஷ்வரும் மிருத்யுஞ்ஜயரும். ஜோதிர்லிங்கங்களில் ஒன்றான நாகேஷ்வரர் இதுதான் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள், துவாரகைக்காரர்கள் தங்களுடையது என்கிறார்கள். வரிசை கிடையாது, தள்ளுமுள்ளு கிடையாது. மிருத்யுஞ்ஜயர் சன்னதியில் அரை மணி நேரம் யாரும் எழுப்பாமல் உட்கார முடிந்தது, அதை நான் வேறெந்தப் பெரிய தலத்திலும் அனுபவித்ததில்லை.

அல்மோராவுக்குப் பக்கத்தில் சித்தாயி கோலு தேவதா கோயிலை விட்டுவிடாதீர்கள். நியாயம் கேட்கும் கோயில். மக்கள் தங்கள் வழக்கை முத்திரைத்தாளில் மனுவாக எழுதி, மணியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறார்கள். நிலத் தகராறு, திரும்பி வராத கடன், வேலைத் தேர்வு. ஒரு மனுவோடு பட்டாவின் ஜெராக்ஸ் நகலே இணைத்திருந்தது, மழையில் நனைந்து மை பரவி. எட்டிப் படிக்காமல் நகர்ந்துவிடுவது மரியாதை.

கட்டார்மல் சூரியன் கோயிலுக்கு வெயில் சாயும் நேரம் போங்கள். கௌசானியில் 1929-ல் காந்தி தங்கிய இடம் இப்போது அனாசக்தி ஆசிரமம். அதன் முற்றத்தில் விடிகாலை ஐந்தரைக்கு ஒரு சால்வையோடு உட்கார்ந்தால் போதும். நடையே தேவையில்லை. திரிசூல், நந்தா தேவி, பஞ்சசூலி எல்லாம் தூரத்தில் ஒரே கோட்டில் இருக்கும். தூரம் என்பதுதான் இதன் குறை: அழகாகத் தெரியும், ஆனால் சந்திரசிலாவில் வயிற்றைப் பிசைகிற மாதிரி பக்கத்தில் வந்து நிற்காது. பக்கத்திலேயே, 18 கிலோமீட்டரில், கோமதி ஆற்றங்கரை பைஜ்நாத். அங்கே கருங்கல்லில் ஆளுயரப் பார்வதி சிலை ஒன்று இருக்கிறது. அந்த வேலைப்பாட்டுக்காகவே போகலாம்.

இந்த வழியின் பெரிய ஆபத்து புகைமூட்டம். ஏப்ரல் நடுவிலிருந்து மழை வரும்வரை குமாவுனின் பைன் காடுகளில் தீ பிடிக்கும். சில வருஷம் வாரக்கணக்கில் மலையே தெரியாது. நம் பள்ளி விடுமுறையும் அதே மே மாதம்தான். மே மாதம் கௌசானி போய் வெள்ளை வானத்தைப் பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் எனக்கே தெரிந்து இரண்டு. இன்னொன்று, பவாலி – அல்மோரா சாலையில் கைஞ்சி தாம் ஆசிரமம் இருக்கிறது. சனி, ஞாயிறில் அங்கே வண்டி நகராது. வாரநாளில் கடந்துவிடுங்கள், அல்லது முக்தேஷ்வர் பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பத்ரிநாத் | துங்கநாத் | குமாவுன் |
|---|---|---|---|
| கிளம்பும் இடம் | ரிஷிகேஷ் | ரிஷிகேஷ் | காத்கோதாம் |
| நீண்ட சாலை நாள் | 9–10 மணி | 7–8 மணி | 4–5 மணி |
| இரவு தூங்கும் உயரம் | 3,100 மீ வரை | 2,700 மீ வரை | 2,000 மீட்டருக்குள் |
| நடை | குறைவு | இரண்டு நாள் நல்ல ஏற்றம் | விருப்பப்பட்டால் |
| மலைக் காட்சி | ஒரு சிகரம், மிக அருகில் | முழு வரிசை, அருகில் | முழு வரிசை, தூரத்தில் |
| கூட்டம் | மே, ஜூனில் மிக அதிகம் | மிதம் | கோயில்களில் குறைவு |
| முன்பதிவு | கட்டாயம் | தேவையில்லை | தேவையில்லை |
| நல்ல மாதம் | செப்டம்பர் கடைசி – அக்டோபர் | அக்டோபர், ஏப்ரல் கடைசி – மே | அக்டோபர் – பிப்ரவரி |
| கோயில் மூடும் காலம் | நவம்பர் – ஏப்ரல் | நவம்பர் – ஏப்ரல் | இல்லை |

## கேதார்நாத் ஏன் இதில் இல்லை

சம்பந்தர் பதிகம் பாடிய திருக்கேதாரம் என்பதால் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், கோயில் 3,583 மீட்டரில். நடந்தால் ஏற ஒரு நாள், இறங்க ஒரு நாள். பழக்கமில்லாதவர்களுக்கு மறுநாள் கால் அசையாது. ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பார்கள். மேகம் சூழ்ந்தால் அது பறக்காது, பறக்கவும் கூடாது. 2025 ஜூனில் கௌரிகுண்ட் அருகே நடந்த விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். ரத்தானால் அடுத்த நாள் வரை காத்திருக்க நாள் இருக்கிறவர்கள்தான் அதை நம்பலாம். கேதார்நாத் போக ஆசைப்பட்டால் அதற்கென்று ஆறேழு நாள் ஒதுக்கித் தனியாகப் போங்கள்.

## வண்டிச் செலவு

வாடகை வண்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசும்போது, டிரைவர் தங்குவதும் சாப்பாடும் அதில் சேர்த்தியா, பார்க்கிங் யார் தருவது, சாலை அடைபட்டு ஒரு நாள் கூடினால் என்ன கணக்கு, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சமவெளி டிரைவர் வேண்டாம், கார்வால், குமாவுன் பக்கத்துக்காரராகப் பாருங்கள். இரவில் மலைச்சாலையில் வண்டி விட மாட்டார்கள். மாலை ஆறுக்குள் தங்குமிடம் சேர்வது மாதிரித்தான் நாளைப் பிரிக்க வேண்டும்.

## எனக்கு இது என்றால்

அப்பா, அம்மாவுக்கு பத்ரி ஆசை இருந்து, டாக்டர் சரி என்று சொல்லிவிட்டால், வேறு யோசனையே வேண்டாம், பத்ரிதான். மலைக் காட்சி குறைவு என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கூட்டம் வடிந்த செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதியாக இருக்கட்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடு வரை எந்தக் காரணத்துக்காகவும் கார்வால் சாலைகளில் ஏறாதீர்கள். ஸ்ரீநகருக்கும் (காஷ்மீர் இல்லை, கார்வாலில் இருப்பது) ருத்ரப்பிரயாகைக்கும் நடுவே சிரோபகட், பத்ரிக்குக் கீழே லாம்பகட், இரண்டும் மழைக்குச் சரிந்தே தீரும் இடங்கள்.

கணவன் மனைவி, நண்பர்கள், கல்லூரி போகும் பிள்ளைகள் என்றால் துங்கநாத். வருஷத்தில் ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்று கையைக் கட்டிப்போட்டுக் கேட்டாலும் நான் இதைத்தான் எடுப்பேன்.

டிசம்பர், ஜனவரி லீவு மட்டும்தான் கிடைக்கும் என்பவர்களுக்கும், மூன்று தலைமுறை ஒரே வண்டியில் போகிறவர்களுக்கும் குமாவுன். மே மாதம் மட்டுமே லீவு, குழந்தைகள் உண்டு, பத்ரி வேண்டுதலும் இல்லை என்றால் என் பதில் கார்த்திக் சுவாமி மட்டும் வைத்து வழி 2-ஐச் சுருக்கிக்கொள்வது. சந்திரசிலாவைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்க்கலாம்.

ஏழு நாள் கிடைத்தால் ஒன்றையும் இரண்டையும் சேர்த்துவிடலாம். ஊகிமட், சோப்தா, கோபேஷ்வர், சமோலி என்று ஒரு குறுக்குச் சாலை, காட்டுக்குள்ளேயே போய் பத்ரி சாலையில் சேர்ந்துவிடும். கோபேஷ்வரில் கோபிநாதர் கோயிலும் அதன் முற்றத்துப் பெரிய திரிசூலமும் வழியிலேயே.

எந்த வழி என்றாலும் ஐந்தாவது நாளை எழுதாமல் விடுங்கள். மண்சரிவுக்கு, காய்ச்சலுக்கு, மேகம் விலகாத காலைக்கு அது வேண்டும். நாங்கள் ஒரு செப்டம்பரில் சிரோபகட் அருகே ஏழு மணி நேரம் நின்றோம். அந்த உபரி நாள் இல்லாவிட்டால் விமானம் போயிருக்கும். ஒன்றும் நடக்காமல் அந்த நாள் மிச்சமானால் ரிஷிகேஷுக்கு ஓடிவராதீர்கள், தேவப்பிரயாகையில் இறங்கிவிடுங்கள். படிகள் நிறைய, ஆனால் மெதுவாக இறங்கலாம். கடைசிப் படியில் இழுப்பைத் தாங்கப் பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் இரைந்துகொண்டு வரும் பாகீரதி, மறுபக்கம் சத்தமில்லாமல் வரும் அலக்நந்தா, நிறம் வேறு வேறாகக் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே ஓடும். சங்கிலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் துணியோடு அந்தக் கோடு மறையும் இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அங்கேதான் அதற்குக் கங்கை என்று பெயர் வருகிறது.